நலவாழ்விலும் நிறவேறுபாடா?



செரீனா வில்லியம்ஸ் என்ற டென்னிஸ் வீராங்கனையை அறியாதவர்கள் குறைவு. 2017ஆம் ஆண்டு செப்டம்பரில் அவருக்கு அறுவைசிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு அடுத்த நாள் அவருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. முன்னரே ஒருமுறை நுரையீரலில் இரத்தக்கட்டி வந்து பிழைத்தவர் என்பதால், தனக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்கேன் எடுக்க வேண்டும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து ஏற்ற வேண்டும் என்று செவிலியரிடம் சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் ஏதோ குழம்பிப் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டார் அந்தச் செவிலியர். செரீனா விடாமல் வற்புறுத்திய பிறகே ஸ்கேன் எடுக்கப்பட்டது. நுரையீரலில் இரத்தக்கட்டிகள் இருந்தன. இதை அவரே 2018இல் ஒரு பத்திரிகைக்குக் கூறியிருக்கிறார்.

உலகப் புகழும் பெரும் செல்வமும் பெற்ற ஒரு கறுப்பினப் பெண்ணுக்கே தன் சொல்லை நம்பவைக்க இத்தனை பாடு என்றால், பெயர் தெரியாத ஏழைத் தாய்மார்களின் நிலையை நாமே எண்ணிப் பார்க்கலாம்.

எண்ணிப் பார்க்க மட்டுமல்ல, கணக்கும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் உயிரோடு பிறந்த ஒவ்வோர் ஒரு லட்சம் குழந்தைகளுக்கும், வெள்ளையினத் தாய்மாரில் 14.5 பேரும் கறுப்பினத் தாய்மாரில் 50.3 பேரும் மகப்பேற்றை ஒட்டி இறந்தனர் என்று அந்நாட்டு அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. மூன்று மடங்குக்கும் மேல். வறுமைதான் காரணம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பட்டப்படிப்பு முடித்த கறுப்பினப் பெண்கள்கூட, பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளையினப் பெண்களைவிட அதிகமாகப் பேறுகாலத்தில் இறக்கிறார்கள் என்று 2019இல் வெளியான அரசு ஆய்வு காட்டியது.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கென்றே அமெரிக்காவில் சில பல்கலைக்கழகங்கள் முதுகலைப் படிப்பு நடத்துகின்றன. பொதுச் சுகாதார முதுகலைப் பட்டம் என்பது அதன் பெயர். மருத்துவப் படிப்புக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மருத்துவர் தம் முன் அமர்ந்திருக்கும் ஒரு தாயின் இரத்த அழுத்தத்தை அளக்கிறார். பொதுச் சுகாதாரம் படித்தவரோ, எந்தத் தெருவிலிருந்து வரும் தாய்மாருக்கு இரத்த அழுத்தம் அதிகம், அவர்கள் ஏன் எட்டாம் மாதத்தில்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள், பேருந்து இல்லையா, காப்பீடு இல்லையா, முன்பு வந்தபோது யாராவது அவமதித்தார்களா என்று கேட்கிறார். யோவான் நற்செய்தியில் பெத்சதா குளத்தருகே கிடந்த, 38 ஆண்டுகளாக நோயுற்றிருந்த மனிதரை நினைவுகூர்வோம். குளம் அருகில்தான் இருந்தது. இறக்கிவிட ஆள்தான் இல்லை. பொதுச் சுகாதாரத்தின் பாதிப் பாடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீளும் இப்படிப்பில் புள்ளியியல், நோய் பரவும் முறை பற்றிய இயல், சுற்றுச்சூழல், நிர்வாகம், மக்களின் பழக்கவழக்கங்கள் ஆகியவை இடம்பெறுகின்றன. வகுப்பறையோடு நிற்காமல் களப்பணியும் கட்டாயம். இப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்கக் குழு 2016இல் தன் விதிகளை மாற்றியபோது, இனப்பாகுபாடும் சமூக ஏற்றத்தாழ்வும் மக்களின் உடல்நலத்தை எப்படிக் கெடுக்கின்றன என்பதை விளக்கும் திறமை மாணவர் அனைவருக்கும் வேண்டும் என்று சேர்த்தது.

ஏன் இதைப் பாடமாக்க வேண்டும்? பொதுச் சுகாதாரத் துறையின் கைகளே கறைபட்டவை என்பதுதான் கசப்பான காரணம். அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. சிபிலிஸ் என்ற மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை, சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தனர். உங்களுக்குக் கெட்ட இரத்தம் என்று மட்டும் அவர்களிடம் சொன்னார்கள். சாப்பாடு போட்டார்கள், அடக்கச் செலவுக்குப் பணம் தருவதாகவும் கூறினார்கள். 1940களில் பென்சிலின் கிடைத்த பிறகும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 1972இல் செய்தித்தாள்களில் வெளிவந்த பிறகே அந்த ஆய்வு நின்றது. 1997இல்தான் அரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். தந்தையரும் தாத்தாக்களும் இப்படி ஏமாற்றப்பட்ட ஊரில், தடுப்பூசி போட வருபவரை மக்கள் எப்படி எளிதில் நம்புவார்கள்?

பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். கோவிட் காலத்தில் நம் வீடுகளிலும் விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்வோம். கருமையான தோலில் அது சில நேரங்களில் உண்மையைவிட அதிகமான அளவைக் காட்டிவிடுகிறது. அந்தக் கருவி கவனிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம் என்று 2020 டிசம்பரில் ஓர் ஆய்வு வெளியானது. யாரும் வெறுப்போடு செய்த பிழை அல்ல அது. கருவியைச் சோதித்தபோது யார் விரலில் சோதித்தார்கள் என்று கேட்க ஆளில்லாமல் போன பிழை. அதே போன்றதுதான் வீட்டுக் கடன் கதையும். 1930களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை வரைபடத்தில் சிவப்பாகத் தீட்டி, இங்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்று குறித்தார்கள். 108 நகர்ப்புறப் பகுதிகளில் நடந்த ஓர் ஆய்வின்படி, அந்தச் சிவப்புப் பகுதிகள் இன்றும் சராசரியாக 2.6 பாகை செல்சியஸ் கூடுதல் வெப்பமாக உள்ளன. அங்கே மரங்கள் குறைவு, சிமெண்டும் தாரும் அதிகம்.

இந்தப் படிப்பை நடத்தும் பல்கலைக்கழகங்களுள் ஒன்று நமக்கு நெருக்கமானது. லூயிசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள சேவியர் பல்கலைக்கழகம். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்த அதே புனித பிரான்சிஸ் சவேரியாரின் பெயர்தான் அது. கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இது ஒன்றே. பிலடெல்பியாவின் பெரும் வங்கிக் குடும்பத்தில் 1858இல் பிறந்த கேத்தரின் டிரெக்சல் என்ற பெண், 1887இல் திருத்தந்தை 13ஆம் லியோவைச் சந்தித்து, பூர்வகுடி மக்களிடையே பணியாற்ற மறைப்பணியாளர்களை அனுப்புமாறு வேண்டினார். நீயே ஏன் போகக் கூடாது என்று திருத்தந்தை கேட்டாராம். அவர் போனார். 1891இல் ஒரு துறவற சபையைத் தொடங்கினார். தம் பங்குச் சொத்திலிருந்து ஏறத்தாழ 2 கோடி டாலரைப் பூர்வகுடியினருக்கும் கறுப்பினத்தவருக்கும் பள்ளிகள் கட்டச் செலவிட்டார். நியூ ஆர்லியன்சில் 1915இல் பள்ளியாகத் தொடங்கியது, 1925இல் கல்லூரியானது. 2000ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரைப் புனிதராக அறிவித்தார். (2025இல் திருத்தந்தையான 14ஆம் லியோவின் தாய்வழி முன்னோரும் இந்நகரின் கறுப்பின வழிவந்தவர்களே என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.)

சேவியர் தன் பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பில் நலவாழ்வுச் சமத்துவத்தையே சிறப்புப் பாடமாக வைத்திருக்கிறது. அதன் மாணவர்களுக்குக் களம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 2005இல் கத்ரீனா புயல் வந்தபோது அவ்வளாகமே வெள்ளத்தில் மூழ்கியது. 1736இல் தொடங்கி ஏழைகளின் புகலிடமாக இருந்த சேரிட்டி மருத்துவமனை, அந்தப் புயலுக்குப் பின் திறக்கப்படவே இல்லை. 2020 ஏப்ரலில், மாநில மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரான கறுப்பினத்தவர், கோவிட் சாவுகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் இருந்தனர்.

ஒரு பட்டப்படிப்பு இதையெல்லாம் மாற்றிவிடுமா என்று கேட்டால், ஆம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. வாடகையையும் கூலியையும் காப்பீட்டையும் பட்டம் மாற்றாது. படித்து முடிப்பவர்களிடம் கடன் சுமையும் இருக்கும். போதாததற்கு, 2025இல் அமெரிக்க நடுவண் அரசு இத்துறை ஆய்வுகளுக்கான நிதி உதவிகள் பலவற்றை நிறுத்தியது. ஆயினும் படித்தவர் இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று உண்டு. 1910இல் ஆபிரகாம் பிளெக்ஸ்னர் எழுதிய அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்வியைச் சீரமைத்தது என்று புகழப்படுகிறது. அதன் விளைவாக, அன்றிருந்த 7 கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் 5 மூடப்பட்டன. அவை தொடர்ந்திருந்தால் 35,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் உருவாகியிருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

மூடப்பட்ட அந்த ஐந்தில் ஒன்று நியூ ஆர்லியன்சில் இருந்த பிளின்ட் மருத்துவக் கல்லூரி. 1911இல் அதன் கதவு சாத்தப்பட்டது. 113 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024இல், அதே நகரில் ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்க சேவியர் பல்கலைக்கழகமும் ஆக்ஸ்னர் மருத்துவ நிறுவனமும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன.