கரிசலைக் கெட்டிப்படுத்தும் சாம்பல்



கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் பருத்திக்கும் கம்புக்கும் உகந்தது. வீடு கட்டுகிறவருக்கும் சாலை போடுகிறவருக்கும் அதுவே சோதனை. மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மண்ணிலுள்ள மான்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் நீரை உறிஞ்சி விரிவதே காரணம். அதனால் சுவரில் விரிசல் விழும், சாலை மேடுபள்ளமாகும்.

இதற்குக் கைகொடுப்பது, அனல்மின் நிலையங்களில் குவியும் நிலக்கரிச் சாம்பல். இதில் சிலிக்காவும் அலுமினாவும் அதிகம். சாம்பலையும் சுண்ணாம்பையும் மண்ணோடு கலந்து, அளவாக நீர் தெளித்து, ரோலரால் இறுக்கினால், அவை வினைபுரிந்து சிமெண்ட் போல மண்துகள்களைப் பிணைக்கும். வீக்கம் குறையும், நாளாக நாளாக வலு கூடும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து இயல்பாகவே கூடுதல். அரிசி ஆலையில் மிஞ்சும் உமிச் சாம்பலையும் சுண்ணாம்புடன் சேர்த்து இதே வேலைக்குப் பயன்படுத்தலாம்.

அனல்மின் நிலையத்தைச் சுற்றி 100 கிலோமீட்டருக்குள் நடக்கும் கட்டுமானங்களில் சாம்பலைப் பயன்படுத்த வேண்டும் என்றிருந்த விதியை, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-இல் 300 கிலோமீட்டராக விரிவாக்கியது.

எவ்வளவு கலப்பது? அது மண்ணுக்கு மண் மாறும். எனவே முதலில் மண் பரிசோதனை. பிறகு பொறியாளர் சொல்லும் அளவு. வேலை செய்யும்போது சாம்பல் காற்றில் பறக்காதபடி ஈரப்படுத்திக் கையாளுங்கள், முகக்கவசமும் அணியுங்கள்.