பெரும்பக்கமும் பழைய முகவரியும்

கணிப்பொறியின் நினைவகம் என்பது எண்ணிட்ட சிற்றறைகள் வரிசையாக அமைந்த ஒரு பெருங்கூடம் என்று பாடநூல்களிற் படிக்கிறோம். அது பொய்யன்று; முழு உண்மையுமன்று. ஒரு செயல்நிரல் தனக்கு வேண்டிய அறையின் எண்ணைக் கூறும்போது, அது கூறுவது மெய்யான அறையின் எண் அன்று. அந்நிரலுக்கென்று வகுத்துக் கொடுக்கப்பட்ட ஒரு கற்பனை எண்ணேயாகும். அந்தக் கற்பனை எண்ணை மெய்யான எண்ணாக மாற்றித் தருவதற்கு ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு வரி என்று எழுதப் புகுந்தால் அட்டவணை நினைவகத்தினும் பெரிதாகிவிடும். ஆகவே 4096 பைட்டுகளை ஒரு தொகுதியாகக் கட்டி, அதற்குப் 'பக்கம்' என்று பெயரிட்டு, பக்கத்திற்கு ஒரு வரியாக எழுதி வைக்கின்றனர். இதுவே பக்க அட்டவணை.

இம்முறை இங்கிலாந்து நாட்டின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 1962ஆம் ஆண்டில் தொடங்கி வைக்கப்பெற்ற 'அட்லஸ்' என்னும் கணிப்பொறியில் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது. அதில் 512 சொற்கள் கொண்டது ஒரு பக்கம். உள்ளக நினைவகத்தில் 32 பக்கங்கள். பக்கத்திற்கு ஒரு பதிவுக்கருவியாக 32 கருவிகள். உள்ளக நினைவகத்தில் எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று அறியக் கணிப்பொறி நேரே பார்த்தது அந்த 32 கருவிகளையே. இடையில் வேறொரு நகலைப் பார்ப்பது கிடையாது. நகல் இல்லாத இடத்தில், நகல் பழையதாகிவிட்டது என்னும் தொல்லையும் கிடையாது. நாம் இன்று ஆராயப் போகும் இடர் முழுவதும் நகல்களால் விளைந்ததே.

இக்காலக் கணிப்பொறியில் நினைவகம் பன்மடங்கு பெருகிவிட்டது. அட்டவணையும் ஒரே தாளாக இல்லாமல், பெரும்பாலும் நான்கு அடுக்குகளாக அமைந்துள்ளது. மேலடுக்கின் ஒரு வரி கீழடுக்கின் ஓர் அட்டவணையைச் சுட்டும். அதன் ஒரு வரி அதற்கும் கீழுள்ளதைச் சுட்டும். கடைசி அடுக்கின் வரியே மெய்யான பக்கத்தைக் காட்டும். ஒவ்வோர் அட்டவணையிலும் 512 வரிகள். ஒரு முகவரியைக் கண்டறிய நான்கு முறை நினைவகத்தைப் படிக்க வேண்டுமென்றால் வேலை எப்படி ஓடும்? ஆகவே ஒவ்வொரு செயலியும் தான் அண்மையிற் கண்டறிந்த முகவரிகளைத் தன்னிடமே ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்கிறது. பொறியியலார் இதனை டி.எல்.பி. என்று சுருக்கி வழங்குவர். நாம் குறிப்பேடு என்றே அழைப்போம்.

இக்குறிப்பேடு மிகச் சிறியது. 2015ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் 'ஸ்கைலேக்' செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் நிலைக் குறிப்பேட்டில் 1536 வரிகள் உள்ளன. வரிக்கு 4096 பைட்டு என்றால், மொத்தம் 6 மெகாபைட்டு நினைவகத்தின் முகவரிகளே அதில் அடங்கும். பல கிகாபைட்டுத் தரவுகளை அலசும் நிரலுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி. இதற்கு மாற்றாகக் கண்ட வழிதான் பெரும்பக்கம். அடுத்தடுத்த 512 சிறு பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து 2 மெகாபைட்டு அளவுள்ள ஒரே பக்கமாக்கிவிட்டால், அதே 1536 வரிகள் 3 கிகாபைட்டை அளந்துவிடும். அட்டவணையிலும் ஓர் அடுக்கு மிச்சம்.

லினக்ஸ் இயக்க அமைப்பில் இவ்வசதி 2011ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. அதில் 'கே-ஹியூஜ்பேஜ்டி' என்னும் ஒரு பணியாளன் பின்னணியில் அவ்வப்போது விழித்தெழுந்து, எந்தச் சிறு பக்கங்களை ஒன்று சேர்க்கலாம் என்று தேடுவான். தேடுவது எளிது. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது அறியாவண்ணம், அதன் காலடியிலுள்ள நினைவகத்தை இடம் மாற்றுவதுதான் அரிது.

மாணவர்களே, ஓர் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வூரில் 512 குடும்பங்கள் ஆங்காங்கே சிதறிய சிறு வீடுகளில் வாழ்கின்றன. அஞ்சல் நிலையத்தில் ஒரு பேரேடு. அதில் எல்லாருடைய முகவரியும் உண்டு. தபால்காரர்கள் பலர். ஒவ்வொருவரும் அடிக்கடி போகும் வீடுகளின் முகவரியைத் தம் சட்டைப்பையிலுள்ள குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கின்றனர்; ஒவ்வொரு கடிதத்திற்கும் நிலையத்திற்குத் திரும்பிப் பேரேட்டைப் பார்ப்பதில்லை. இப்போது அந்த 512 குடும்பங்களையும் புதிதாகக் கட்டிய ஒரே மாளிகையில் குடியேற்ற வேண்டும். பேரேட்டில் 512 வரிகளை அடித்துவிட்டு, "இவர்கள் யாவரும் இன்ன மாளிகையில்" என்று ஒரு வரி எழுதினாற் போதாதா?

போதாது. பேரேடு மாறியது தபால்காரருக்குத் தெரியாது. அவர் சட்டைப்பைக் குறிப்பேட்டைப் பார்த்துப் பழைய வீட்டிலேயே கடிதத்தைப் போட்டுவிட்டு வருவார். குடும்பம் அங்கிருந்து பெயர்ந்த பின் போட்ட கடிதம் உரியவர்க்குக் கிடைக்காது. கணிப்பொறியில் இதன் பொருள் யாது? ஒரு செயலி பழைய பக்கத்தில் ஓர் எண்ணை எழுதுகிறது. அந்தப் பக்கம் முன்னமே பெரும்பக்கத்தில் நகலெடுக்கப்பட்டுவிட்டது. புதிதாக எழுதிய எண் புது இடத்திற்கு வந்து சேரவில்லை. பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. கணக்கு மட்டும் தவறிப்போகும். இதனினும் கேடானது ஒன்று உண்டு. காலியான வீட்டை வேறொருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டால், முன்னவர் கடிதத்தைப் பின்னவர் பிரித்துப் படிப்பார். ஒரு நிரலின் இரகசியம் மற்றொரு நிரலின் கைக்குப் போவது இவ்வழியாகத்தான்.

ஆகவே வரிசை முறை மிக இன்றியமையாதது. லினக்ஸ் பணியாளன் செய்வதைக் காண்போம். முதலில் 2 மெகாபைட்டு வெற்றிடத்தைத் தேடிப் பெற்றுக்கொள்கிறான்; இடம் கிடைக்காவிட்டால் வேலையே தொடங்குவதில்லை. அடுத்து, அந்நிரலின் நினைவக அமைப்பை வேறு யாரும் மாற்றாதபடி பூட்டுப் போடுகிறான். பிறகு மேலடுக்கு அட்டவணையில், அந்த 512 வரிகள் கொண்ட கீழ் அட்டவணையைச் சுட்டும் ஒரே வரியை வெறுமையாக்குகிறான். உடனே எல்லாச் செயலிகளுக்கும் ஆணை பறக்கிறது: அந்த முகவரிகளைக் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிடுக என்று. அழித்துவிட்டோம் என்னும் மறுமொழி வரும்வரை மேலே ஓர் அடியும் எடுத்து வைப்பதில்லை.

இந்த நிலையைச் சற்றே நின்று நோக்குக. இப்போது பேரேட்டில் பழைய முகவரியும் இல்லை. புது முகவரியும் இல்லை. இடையில் நிரல் அந்த நினைவகத்தைத் தொட்டால் என்னாகும்? முகவரி காணோம் என்று செயலி முறையிடும்; இயக்க அமைப்பு அம்முறையீட்டை ஏற்று, பூட்டு திறக்கும்வரை நிரலைக் காத்திருக்கச் செய்யும். கடிதம் தொலையவில்லை, நிலையத்தில் சற்றே தங்குகிறது, அவ்வளவே. தவறான விடையைக் காட்டிலும் விடையின்மை மேல் என்னும் கொள்கை இங்கே செயலாகிறது. அந்த அமைதியில் 512 பக்கங்களும் நகலெடுக்கப்படுகின்றன. நகலெடுத்து முடிந்தது என்பது எல்லாச் செயலிகளுக்கும் புலனாகும்படி செய்த பின்னரே, மேலடுக்கின் வெற்று வரியில் பெரும்பக்கத்தின் முகவரி எழுதப்படுகிறது. இவ்விரண்டும் முன்பின்னாகிவிட்டால், மாளிகைக்கு வழி திறந்திருக்கும். உள்ளே சரக்கு வந்து சேர்ந்திராது.

நகலெடுக்குமுன் ஒரு சோதனையும் உண்டு. ஒவ்வொரு சிறு பக்கத்தையும் எத்தனை பேர் பற்றியிருக்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்பர். வட்டோ வலையமைப்புக் கருவியோ அந்தப் பக்கத்தில் நேரடியாக எழுதிக்கொண்டிருக்கக்கூடும். அக்கருவிகள் நம் குறிப்பேட்டைப் பார்ப்பவை அல்ல. கணக்கில் ஒன்று மிகுந்தாலும், பழைய வரியைத் திரும்ப எழுதிவிட்டுப் பணியாளன் ஒதுங்கிவிடுவான். பெரும்பக்கம் என்பது வேகத்திற்கான ஒரு வசதி. தரவு பிழையின்றி இருப்பது கடமை. வசதிக்காகக் கடமையை யாரும் பணயம் வைப்பதில்லை.

பூட்டைக் கேளாமல் அட்டவணையை நேரே படிப்போரும் உண்டு. விரைவின் பொருட்டு இயக்க அமைப்பின் சில பகுதிகளுக்கு அவ்வுரிமை அளிக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்-86 செயலிகளில், இவர்கள் படித்துக்கொண்டிருக்கும்போது குறுக்கீடுகளை நிறுத்தி வைப்பர். செயலிகளுக்குச் செல்லும் ஆணையோ ஒரு குறுக்கீடு. ஆதலால் அவர்கள் படித்து முடிக்கும்வரை அதற்கு மறுமொழி வாராது. ஆணைக்கு மறுமொழி வந்தது என்றாலே படிப்பவர் எவரும் நடுவழியில் இல்லை என்பது தானே உறுதியாகிவிடும். நுட்பமான ஏற்பாடுதான். ஆயினும் கோப்புகளைச் சார்ந்த நினைவகத்தை ஒன்று சேர்க்கும் பாதையில் இந்த ஆணையை அனுப்பும் படி விடுபட்டிருந்ததை 2022ஆம் ஆண்டில் கண்டறிந்து திருத்தினார்கள். பல ஆண்டுகள் பல வல்லுநர் பார்வையிட்ட நிரலில் இத்தகைய ஓட்டை இருந்ததென்றால், பொருளின் கடுமையை நீங்களே உய்த்துணரலாம்.

ஆர்ம் வகைச் செயலிகளில் விதி இன்னும் கண்டிப்பானது. பக்கத்தின் அளவை மாற்றும்போது, முதலில் பழைய வரியை முறி, குறிப்பேடுகளை அழி, பின்னரே புதியதை எழுது என்று அச்செயலியின் இலக்கண நூலே விதிக்கிறது. மீறினால் ஒரே முகவரிக்குச் சிறு பக்கமென ஒரு வரியும் பெரும்பக்கமென ஒரு வரியும் குறிப்பேட்டில் சேர்ந்து நிற்கலாம். செயலி முரண்பாடு என்று கூவி நிற்கலாம். அல்லது இரண்டையும் கலந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது முகவரியைத் தரவும் கூடும். இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. இயக்க அமைப்பு தான் நிற்கும் நினைவகத்தின் வரியையே முறிக்க வேண்டி வந்தால் என் செய்வது? நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டியவன் கதையாகிவிடும். அதனால் சில புதிய ஆர்ம் செயலிகள், முறிக்காமலே அளவை மாற்ற இடந்தரும் வசதியுடன் அமைக்கப்படுகின்றன.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2019 நவம்பரில் இன்டெல் நிறுவனம் ஒரு குறையை வெளியிட்டது. அதன் செயலிகள் பலவற்றில், குறிப்பேட்டை அழிக்காமல் பக்கத்தின் அளவை மாற்றிவிட்டு அங்கிருந்து கட்டளைகளை எடுத்தால், எந்திரப் பிழை தோன்றிச் செயலியே நின்றுபோகலாம். ஒரு கணிப்பொறியைப் பல வாடிக்கையாளர்க்குப் பகிர்ந்தளிக்கும் நிலையங்களில் இதன் கொடுமை விளங்கும். ஒரு குடியிருப்பவன் வேண்டுமென்றே தன் அட்டவணையைத் தாறுமாறாக மாற்றி, கட்டடம் முழுவதன் விளக்கையும் அணைத்துவிடலாம். லினக்ஸ் இதற்குக் கண்ட தடுப்பு எளியது: விருந்தினர் நிரல்களுக்கு அளிக்கும் பெரும்பக்கங்களிலிருந்து கட்டளைகளை எடுக்க இயலாதவாறு தடை வைத்துவிடுவது, எடுக்க முயன்றால், அந்தப் பெரும்பக்கத்தை மறுபடியும் 4096 பைட்டுச் சிறு பக்கங்களாகப் பிரித்துவிடுவது.

சேர்த்ததைப் பிரிக்க வேண்டிய நாள் சாதாரண நிரல்களுக்கும் வரும். நிரல் தன் நினைவகத்தின் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தந்தாலும், ஒரு பகுதிக்கு மட்டும் எழுதும் உரிமையை நீக்கினாலும் பெரும்பக்கம் உடைய வேண்டியதே. உடைக்க 512 வரிகள் கொண்ட ஓர் அட்டவணை தேவை. அதற்கு 4096 பைட்டு இடம் வேண்டும். நினைவகம் முற்றும் தீர்ந்துபோன வேளையில் அந்தச் சிறு இடத்திற்கும் எங்கே போவது? இதை எண்ணித்தான், பக்கங்களைச் சேர்க்கும் அன்றே, வேலையற்றுப்போன பழைய அட்டவணைத் தாளைத் தூக்கி எறியாமல், பெரும்பக்கத்தின் பெயரில் வைப்பாக வைத்துவிடுகிறார்கள். பிரிக்கும் நாளில் அந்தத் தாளையே எடுத்து 512 வரிகளையும் எழுதிக்கொள்ளலாம்.