மழைநீர் எந்தப் பக்கம் ஓடும்? அம்புகளால் ஒரு மலை வரைபடம்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது திரிங்காப். சுற்றிலும் சரிவுகள். சரிவுகளில் தேயிலையும் காய்கறியும், கீழே வீடுகளும் கடைகளும் சாலையும். இப்படிப்பட்ட ஊரில் பெருமழை பெய்தால் முதலில் எழும் கேள்வி, தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதுதான். வடிகாலை எங்கே வெட்டுவது, மண் எங்கே அரிக்கும், எந்த வீட்டின் பின்புறம் கவனம் தேவை என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை. 2013 அக்டோபரில் கனமழையைத் தொடர்ந்து சுல்தான் அபு பக்கார் அணையின் நீர் திறக்கப்பட்டபோது, பெர்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. மலையில் நீர் போகும் வழியை அறிவது வெறும் பாடநூல் கணக்கு அல்ல.

இந்தக் கேள்விக்கான பதிலை நீங்களே கணினியில் படமாக வரையலாம். அதற்குத் தேவையானது ஒரு திசையன் புலம்.

திசையன் புலம் என்றால் என்ன?

படிவம் 4 கூடுதல் கணிதத்தில் திசையன், அதாவது வெக்டர் பற்றிப் படிக்கிறோம். அதற்கு அளவும் உண்டு, திசையும் உண்டு. ஓர் இடத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு திசையனை வைத்தால் அது திசையன் புலம். காற்று வீசும் வேகம், கடல் நீரோட்டம், காந்தத்தின் விசை எல்லாம் திசையன் புலங்களே. மலைச்சரிவும் அப்படித்தான். ஒவ்வொரு புள்ளியிலும் நீர் இறங்கும் திசையை அம்பின் முனை காட்டும். சரிவு எவ்வளவு செங்குத்து என்பதை அம்பின் நீளம் காட்டும்.

உயரம் எங்கே கிடைக்கும்?

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மலைப்பகுதிக்கு வந்தபோது நடந்துதான் அளக்க வேண்டியிருந்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள்கள் பூமியைச் சுற்றி, ரேடார் மூலம் நிலத்தின் உயரத்தை அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் அந்த உயரங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. வடக்கு அட்சரேகை 4 முதல் 5 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 101 முதல் 102 பாகை வரையிலான கட்டத்தில் கேமரன் மலை வருகிறது. அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 3,601 வரிசைகள், வரிசைக்கு 3,601 எண்கள். மொத்தம் ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் உயரங்கள்!

உயரத்திலிருந்து அம்பு

ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். அதன் மேற்கே 30 மீட்டரில் உயரம் 1,506 மீட்டர், கிழக்கே 30 மீட்டரில் 1,494 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 மீட்டர் தூரத்தில் 12 மீட்டர் இறக்கம். ஆகவே கிழக்கு நோக்கிய சரிவு −0.2. அதே புள்ளியின் வடக்கே 1,503, தெற்கே 1,497 என்றால் வடக்கு நோக்கிய சரிவு 6 ÷ 60 = +0.1. பள்ளியில் மலாயில் 'கெச்செருனான்' என்று படிக்கிறீர்களே, அதைத்தான் இரண்டு திசைகளில் கண்டுபிடித்திருக்கிறோம்.

(−0.2, 0.1) என்ற இந்தத் திசையன் எங்கே காட்டுகிறது? மேற்கு நோக்கி, சற்று வடக்காக. அது மேடு இருக்கும் பக்கம். சரிவுத் திசையன் எப்போதும் ஏற்றத்தையே காட்டும். நீர் அதற்கு நேர் எதிராக ஓடும். ஆகவே இரண்டு எண்களின் குறிகளையும் மாற்றினால் (0.2, −0.1) கிடைக்கும். நீர் கிழக்கே, சற்றுத் தெற்காக இறங்கும். அம்பின் நீளம் பித்தாகரஸ் தேற்றப்படி சுமார் 0.22. அதாவது சுமார் 13 பாகைச் சாய்வு.

அம்பறாத்தூணியைத் திறப்போம்

கோடிக்கணக்கான எண்களுக்கு இதைக் கையால் செய்ய முடியாது. பைத்தான் மொழியில் 'நம்பை' என்ற நிரல் தொகுப்பு இந்தக் கழித்தல், வகுத்தல்களை ஒரே வரியில் முடித்துவிடும். படம் வரைய 'மேட்பிளாட்லிப்' இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஹண்டர் 2003இல் வெளியிட்ட தொகுப்பு இது. அதில் அம்புகளை வரையும் கட்டளையின் பெயர் 'குயிவர்'. வில்லாளி முதுகில் அம்புகளைச் சுமக்கும் அம்பறாத்தூணிக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர்.

குயிவருக்கு நான்கு பட்டியல்கள் தர வேண்டும். முதல் இரண்டும் அம்பு நிற்கும் இடம்: கிழக்கு மேற்காக எங்கே, வடக்கு தெற்காக எங்கே. அடுத்த இரண்டும் அம்பின் இரு கூறுகள். கொடுத்ததும் படம் வந்துவிடும். ஆனால் வந்த படம் சரியா என்று கணினி சொல்லாது. தவறான திசையிலும் அது அழகாகவே அம்பு வரையும். கவனிக்க வேண்டியவை இவை:

1. இடைவெளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 30 மீட்டர் என்று நம்பையிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 1 என்று எடுத்துக்கொள்ளும். எல்லாச் சரிவும் 30 மடங்கு செங்குத்தாகிவிடும்.

2. வரிசை. நம்பை முதலில் தருவது வரிசை வாரியான சரிவு, அதாவது வடக்கு தெற்கு. இரண்டாவதுதான் கிழக்கு மேற்கு. குயிவர் கேட்பதோ முதலில் கிழக்கு மேற்கு. மாற்றிக் கொடுத்தால் ஆறு மலை ஏறும்!

3. தலைகீழ். விண்கலத் தரவின் முதல் வரிசை வடக்கு ஓரம். எண் கூடக்கூட நாம் தெற்கே போகிறோம். வடக்கே போகிறோம் என்று நினைத்தால், நம் கணக்கின் (0.2, −0.1) என்பது (0.2, 0.1) ஆகிவிடும். அம்பு 53 பாகை திரும்பிவிடும். மலையில் அது வேறு ஓடை, வேறு வீடு.

4. நெருக்கம். 100 × 100 புள்ளிகள் என்றால் 10,000 அம்புகள். படம் கறுப்புத் திட்டாகிவிடும். ஐந்துக்கு ஒன்று எடுத்தால் 400 அம்புகள், கண்ணுக்கு இதம். ஆனால் சரிவைக் கணக்கிட்ட பிறகே குறையுங்கள். முன்பே குறைத்தால் 30 மீட்டர் இடைவெளி 150 மீட்டராகி, சிறு ஓடைகள் கணக்கிலேயே மறைந்துபோகும்.

5. அளவு. அம்பின் நீளத்தைக் குயிவர் தானே முடிவு செய்ய விட்டால், ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வோர் அளவு வைக்கும். இரண்டு சரிவுகளை ஒப்பிட வேண்டுமானால் அளவை நாமே நிலையாக வைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு மாதிரி அம்பும் அதன் மதிப்பும் இருப்பது நல்லது.

6. அச்சுகள். கிழக்கு மேற்கில் 1 சென்டிமீட்டர் எத்தனை மீட்டரோ, வடக்கு தெற்கிலும் அத்தனையே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அம்பின் கோணம் நிலத்தோடு ஒத்துப்போகாது.

காற்றிலும் இதே குழப்பம்

அம்பின் தலை எந்தப் பக்கம் என்ற சிக்கல் பழையது. வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலி, 1686இல் வணிகக் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் கடல் வரைபடத்தில் சிறு கோடுகளால் காட்டினார். அவர் வரைந்த கோட்டின் கூர்முனை, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தைக் காட்டியது. இன்றைய அம்புக்கு நேர் எதிர். தமிழிலும் காற்றுக்குப் பெயர் அது வரும் திசையை வைத்துத்தான்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வானிலை நிலையங்களும் அப்படியே பதிவு செய்கின்றன. வடகிழக்குப் பருவக்காற்றுக்கு 45 பாகை என்று குறித்திருந்தால், நீங்கள் வரையும் அம்பு தென்மேற்கைக் காட்ட வேண்டும்.

படத்தை நம்புவதற்கு முன்

விடை தெரிந்த கணக்கை முதலில் கொடுத்துப் பாருங்கள். வடக்கே போகப் போக உயரும் ஒரு சமமான சரிவை எண்களால் உருவாக்குங்கள். எல்லா அம்புகளும் தெற்கே காட்ட வேண்டும். பிறகு கிழக்கே உயரும் சரிவு. எல்லாம் மேற்கே காட்ட வேண்டும். ஒரு சோதனை போதாதா? போதாது. குறியை மாற்ற மறந்து, வரிசையையும் தலைகீழாக எடுத்திருந்தால், வடக்குச் சரிவில் இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். கிழக்குச் சரிவில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து உண்மைத் தரவு. படத்தின் மேலேயே சம உயரக் கோடுகளை வரையுங்கள். ஒவ்வோர் அம்பும் அவற்றைச் செங்கோணத்தில் வெட்ட வேண்டும். 2,000 மீட்டரைத் தாண்டும் பிரிஞ்சாங் மலையுச்சியில் அம்புகள் நாலாபுறமும் விலகிப் போக வேண்டும். கடைசியாக, நீங்கள் தினமும் பார்க்கும் ஓடை ஒன்றைப் படத்தில் தேடுங்கள். இருபுறத்து அம்புகளும் அதை நோக்கி வர வேண்டும்.

எல்லாம் சரியானாலும் படத்துக்கு எல்லை உண்டு. 30 மீட்டர் இடைவெளியில் வடிகாலும் படிக்கட்டு வயலும் தெரியாது. அடர்ந்த காட்டில் ரேடார் தரையை எட்டாமல் மரங்களின் மேற்பகுதியிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். அதனால் காடு முடிந்து தேயிலை தொடங்கும் ஓரத்தில் இல்லாத ஒரு மேடு முளைக்கலாம். நிலச்சரிவுக்கு மண்ணின் தன்மை, மழையின் அளவு போன்ற வேறு காரணங்களும் உண்டு. எனவே படத்தில் நீளமான அம்பைக் கண்டால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, மழை இல்லாத நாளில் பாதுகாப்பான சாலையில் நின்று அந்தச் சரிவைப் பாருங்கள். நீர் ஓடிய தடம் மண்ணில் இருக்கும். உங்கள் அம்பும் அந்தத் தடமும் ஒரே பக்கம் காட்டுகின்றனவா?