மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவா

2005-ஆம் ஆண்டில் குவாலிஸுக்குப் பதிலாக நம் நாட்டுச் சாலைகளில் இறங்கிய டொயோட்டா இன்னோவா, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பின்னும் பிரயாணத்துக்கு லாயக்காகவே இருக்கும் என்ற கீர்த்தியைப் பெற்றிருப்பதால், பெரிய குடும்பஸ்தர்கள் அதனைச் சகாய விலையில் தேடி அலைவதில் ஆச்சரியமில்லை. ஆனால் மீட்டர் காட்டும் எண்ணை வேதவாக்காகக் கொள்வது விவேகமன்று. அதைத் திருப்பிவைப்பது தரகர்களில் சிலருக்குக் கைவந்த வித்தையாகையால், சர்வீஸ் ரசீதுகளையும், தேய்ந்து வழவழத்துப்போன பிரேக் பெடலையும், ஸ்டீயரிங்கையும் சாட்சிகளாக வைத்து விசாரிக்க வேண்டும். என் அபிப்பிராயத்தில், ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட மூன்று லட்சம், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு லட்சத்தைவிட மேலானது.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையைக் கவனியுங்கள்; நீலப்புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அத்துடன் எழுந்து வந்துவிடலாம். டைமிங் பெல்ட் மாற்றியதற்கு ரசீது இல்லையேல், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மஞ்சள் பலகையோடு வாடகைக்கு ஓடிய பூர்வ சரித்திரம் உண்டா என்பதையும், பைனான்ஸ் பாக்கி நிற்கிறதா என்பதையும் பதிவு ஆவணங்களில் பார்த்துவிடுவது அவசியம். சொந்த உபயோக வாகனத்தின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அந்தக் கெடு நெருங்கிவிட்ட வண்டியை, பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் கணக்கிட்ட பிறகே விலை பேசுங்கள்.