கேட்டு எழுதிய சொற்கள்: யார்க்ஷயர் வட்டார வழக்கு

மொழி நூல்களில் மட்டும் வாழ்வதன்று. வயலிலும் ஆலையிலும் அடுப்பங்கரையிலும் வழங்கும் சொற்களே அதன் வேர்கள். திசைச்சொல் எனத் தனி வகை கண்ட தமிழிலக்கணத்தைப் பயிலும் நமக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும், எங்கும் ஒரே வடிவில் வழங்குவதாக நாம் எண்ணும் ஆங்கிலத்திற்கும் வட்டார வழக்குகள் உண்டு. அவற்றைத் தொகுத்தோர் எவ்வாறு உழைத்தனர் என்பதை, வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் வழக்கைக் கொண்டு இங்கே காண்போம்.

யார்க்ஷயர் மக்கள் சிற்றோடையைப் 'பெக்' என்பர். விளையாடுவதை 'லெய்க்' என்பர். முற்காலத்தில் அங்குக் குடியேறிய ஸ்காண்டிநேவியர் மொழியின் எச்சங்கள் இவை. கொச்சை என்று கற்றோர் ஒதுக்கிய சொற்கள், உண்மையில் ஆயிரமாண்டுப் பழமை உடையன. ஆலைகள் பெருகிய பகுதிகளில், வேலையின்றிக் கூலியிழந்து இருப்பதையும் 'லெய்க்' என்றே மக்கள் கூறினர். 'விளையாடு' என்று மட்டும் பொருள் எழுதிச் சென்றால், அத்தொழிலாளரின் துன்பம் ஏட்டில் ஏறாமலே போயிருக்கும்.

நன்கு தெரிந்த சொல்லும் நம்மை ஏமாற்றும். பொது ஆங்கிலத்தில் 'போது' எனப் பொருள்படும் 'வைல்' என்னும் சொல், அங்கே 'வரை' என்றும் பொருள்படும். 'ஒன்பது வைல் ஐந்து' என்றால் ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை என்பதாகும். ஆகவே, அரிய சொற்களைத் திரட்டினால் மட்டும் போதாது. எளிய சொல்லின் ஆட்சியையும் குறித்தல் வேண்டும்.

இப்பணியில் முதலில் நினைக்கத்தக்கவர் ஜோசப் ரைட். 1855இல் யார்க்ஷயரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவர், ஆறு வயதில் கற்சுரங்கத்தில் கழுதை ஓட்டினார்; பின்னர்க் கம்பளி ஆலையில் வேலை செய்தார். பதினைந்து வயது வரை அவருக்கு எழுத்தறிவில்லை. உடன் உழைத்தோர் செய்தித்தாள் படிக்கக் கேட்டு, தாமும் படிக்க வேண்டும் என்னும் வேட்கை கொண்டார். அவரே பின்னாளில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் முனைவர் பட்டம் பெற்று, 1901இல் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியரானார். 1873இல் தோன்றிய ஆங்கில வட்டார வழக்குக் கழகம் திரட்டியவற்றையும், நூற்றுக்கணக்கான தொண்டர்கள் அனுப்பிய குறிப்புகளையும் கொண்டு, 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை அவர் வெளியிட்டார். எழுத்தறியாத் தாம் பேசிய சொற்களுக்கே அவர் அகராதியில் இடம் தேடித் தந்தார்.

அடுத்த பெருமுயற்சி லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. ஹெரால்டு ஆர்ட்டனும் சூரிக் நகரப் பேராசிரியர் ஓய்கன் டீத்தும் 1,300க்கும் மேற்பட்ட வினாக்களை வகுத்தனர். 1950 முதல் 1961 வரை, ஆய்வாளர்கள் 313 ஊர்களுக்குச் சென்று முதியோரைக் கண்டு வினவினர். அவர்கள் கைக்கொண்ட நெறி நம் சிந்தைக்குரியது: தேடும் சொல்லை வினவுபவர் தம் வாயால் கூறலாகாது. காதைச் சுட்டிக்காட்டி, "இவற்றை எவ்வாறு அழைப்பீர்கள்?" என்றே கேட்டல் வேண்டும். "நீங்கள் இதை இப்படித்தான் சொல்வீர்களா?" என்று கேட்டால், கற்றவர் முன் கல்லாதவர் மரியாதைக்காக "ஆம்" என்றுவிடுவார்; உண்மைச் சொல் அவர் நெஞ்சிலேயே மறைந்துவிடும். விடையை எழுதியதுடன் ஒலிப்பையும் குறியீடுகளால் பதிந்தனர். பலருடைய பேச்சை ஒலிநாடாவிலும் காத்தனர்.

இத்தொகுப்பிலும் குறை உண்டு. பெரும்பாலும் சிற்றூர்களின் முதிய ஆடவரையே நாடியதால், பெண்டிர் வழக்கும் நகரத்தார் வழக்கும் இளையோர் வழக்கும் போதிய இடம் பெறவில்லை. யாரைக் கேட்கிறோம் என்பதே எதைக் காக்கிறோம் என்பதை முடிவு செய்கிறது.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. சொல் தொகுக்கச் செல்பவர் ஆசிரியராகச் செல்லலாகாது. மாணவராகச் செல்லல் வேண்டும். பள்ளி வாயிலை மிதியாத முதியவரே அங்கு ஆசான். அவர் பேசட்டும், நாம் பணிவுடன் எழுதிக்கொள்வோம். அவர் மறைந்தபின் அச்சொல்லை எந்த நூலகத்தில் தேடியும் பயனில்லை.