தந்தை விட்டுச்சென்ற துவக்கு

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், குச்சவெளி ஆகிய பகுதிகளில் ஒரு தலைமுறைக்கு முன்னர் வயல் செய்த வீடுகள் பலவற்றில் துவக்கு ஒன்றும் இருந்தது. கதிர் முற்றும் காலத்தில் பன்றிக்கும் யானைக்கும் காவலாகப் பரணில் விழித்திருந்த தந்தையின் மடியில் அது கிடந்தது. வேட்டையும் அதனுடன் சேர்ந்தே வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டு, உயிர் பிரியுமுன் ஓடிச்சென்று மானை அறுத்த கதையை வாப்பாவின் வாயால் கேட்டு வளர்ந்தவர்களும், அடுப்புக்கு மேல் தொங்கிய மரை வத்தலின் மணத்தை மறவாதவர்களும் இன்றும் எம்மிடையே உள்ளனர்.

அத்தகைய தந்தை மறைந்த பின்னர் அவரது துவக்கை விட்டுப்பிரியப் பிள்ளைகளுக்கு மனம் வருவதில்லை. இதனைக் கேலி செய்வதற்கில்லை. போரில் வீட்டையும் புகைப்படங்களையும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு, தகப்பனின் கைபட்டுத் தேய்ந்த பொருள் வேறொன்று மிஞ்சியிராது.

ஆனால் வயலும் வளவும் பிள்ளைகளுக்கு வந்துசேர்வது போன்று துவக்கு வந்துசேர்வதில்லை. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் ஆளுக்கே வழங்கப்படுகின்றது, வீட்டுக்கன்று. அதனை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். உரியவர் இறந்துவிட்டால், பிள்ளை தன் பெயரில் அனுமதி பெறும்வரை அது அனுமதியற்ற ஆயுதமே. 1996ஆம் ஆண்டின் திருத்தம் இக்குற்றங்களுக்கான தண்டனைகளைக் கடுமையாக்கியது. அலுமாரியின் மேல் துணியில் சுற்றி வைத்திருப்பவர் தாம் குற்றமொன்றைச் செய்துகொண்டிருப்பதாக எண்ணுவதேயில்லை.

சட்டத்தை விடவும் அஞ்சத்தக்கது துவக்கேதான். குழல்வாயால் கரிமருந்தை இட்டு, தும்பால் அடைத்து, சன்னம் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கப்படும் இடியன் துவக்கில் மருந்து ஏற்றப்பட்டிருக்கின்றதா என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. ஈரம் படாத கரிமருந்து பல ஆண்டுகள் கழிந்தும் வெடிக்கும். கடைசியாகப் பரணிலிருந்து இறங்கிய இரவில் தந்தை அதனை வெறுமையாக்கினாரா? அவரிடம் இனிக் கேட்க முடியாது. தோட்டாத் துவக்குகளும் இதற்கு விலக்கன்று. துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களின் உப்புக்காற்றில் குழலின் உட்புறம் துருவேறிப் பள்ளம் விழும். அக்குழல், முன்னாளில் கரிமருந்துக்கென வார்க்கப்பட்டதாயின், இன்றைய தோட்டாவின் அழுத்தத்தைத் தாங்காது சுடுபவரின் முகத்தருகிலேயே பிளக்கக்கூடும். எண்ணெய் பூசி மினுக்கி வைத்திருப்பதால் உட்புறம் நலமாகிவிடாது. பேரப்பிள்ளை அதனைக் கையிலெடுத்து விளையாடும் வீட்டில் இவற்றையெல்லாம் யார் விளக்குவது?

இம்மாவட்டத்தில் இன்னொன்றும் உண்டு. போர்க்காலத்தில் வேட்டைத் துவக்குகளை ஆயுதமேந்தியோர் வீடு வீடாக எடுத்துச்சென்றனர். ஊர்காவற் படையினருக்கும் துவக்குகள் கொடுக்கப்பட்டன. தமிழரும் முஸ்லிம்களும் அயலவரை அஞ்சி உறங்காதிருந்த இரவுகள் அவை. எனவே ஒரு வீட்டில் தகப்பனின் நினைவாக இருப்பது, வேலிக்கு அப்பால் வேறொரு நினைவாக இருக்கலாம்.

இனிச் செய்யக்கூடியது யாது? உண்மையில் வயற்காவலுக்குத் தேவைப்படுவோர், மாவட்டச் செயலகத்தை நாடித் தம் பெயரில் அனுமதி கோரலாம். தேவையில்லாதோர் ஒப்படைப்பதே முறை. 2020 பெப்ரவரியில் அனுமதியற்ற ஆயுதங்களை ஒப்படைக்கப் பொதுமன்னிப்புக் காலம் வழங்கப்பட்டது. ஆயினும் அத்தகைய அறிவித்தலொன்று மீண்டும் வரும்வரை காத்திருப்பது புத்திசாலித்தனமன்று. பைக்குள் வைத்துப் பேருந்தில் கொண்டுசெல்லவும் கூடாது. முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை பெற்று, பொலிஸாருக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும் வழியில் கையளிக்க வேண்டும். மருந்து உள்ளதா எனத் தாமே கிண்டிப் பார்க்க முற்படலாகாது.

கையளிக்கும்போது எழுத்துமூலப் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். தந்தையின் பழைய அனுமதிப்பத்திரம் இருக்குமாயின், அதன் பிரதியொன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; அதில் அவரது பெயர் இருக்கின்றது.