"லிக்னைட்" இங்கிலீஷ் சொல் அல்ல! பிரெஞ்சுக்காரர் அதை எப்படிச் சொல்வார்?

நெய்வேலியில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சொல் "லிக்னைட்". 1956-ல் அங்கே தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே அது இருந்தது. பலர் அதை இங்கிலீஷ் சொல் என்று எண்ணுகிறார்கள். அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல்!

லத்தீனில் "லிக்னும்" என்றால் மரம், விறகு. மண்ணில் புதைந்த மரமும் செடியும்தானே பழுப்பு நிலக்கரி ஆகிறது? பொருத்தமான பெயர்தான்.

ஆனால் பிரெஞ்சுக்காரரிடம் "லிக்னைட்" என்றால் விழிப்பார். அவர் வாயில் அது "லிஞித்"!

இதில் ஜி, என் என்று இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. இங்கிலீஷ்காரர் நடுவில் வெட்டி "லிக்-னைட்" என்கிறார். பிரெஞ்சில் இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி; நம்முடைய "ஞ" போன்றது. ஒரே ஒலியை வெட்ட முடியுமா? அதனால் "லி-ஞித்" என்று பிரிகிறது. "ஞாயிறு" சொல்லும் தமிழருக்கு இது கஷ்டமே இல்லை.

மீனா, விஷமா?

வெட்டும் இடம் மாறினால் சில சமயம் பொருளே மாறிவிடும். பிரெஞ்சில் மீனுக்கு "புவாசோன்" என்று பெயர். எழுதும்போது நடுவில் இரண்டு எஸ். ஒன்று முன் அசைக்கு, ஒன்று பின் அசைக்கு. ஒலி "ச"தான். ஒரு எஸ்ஸை விட்டுவிட்டால், மிஞ்சிய எஸ் பின் அசையோடு போய்விடும். ஒலியும் இஸட் ஆகிவிடும். அப்போது பொருள் விஷம்! ஓட்டலில் மீன் கேட்கப் போகிறவர் கவனமாக இருக்க வேண்டாமா?

கடைசியில்தான் அழுத்தம்

இங்கிலீஷில் "லிக்னைட்" என்னும்போது அழுத்தம் முதல் அசையில். பிரெஞ்சில் எப்போதும் கடைசி அசையில். அதுவும் அதட்டல் அல்ல. சற்றே நீட்டல், அவ்வளவுதான். எழுத்தில் கடைசியாக நிற்கும் "இ" பேச்சில் பெரும்பாலும் ஒலிக்காது. அது கணக்கில் சேராது.

கடலூரைத் தாண்டினால் புதுச்சேரி. 1954 நவம்பர் 1 வரை அங்கே பிரெஞ்சு ஆட்சி. அந்த ஊர் பிரெஞ்சில் "போந்திஷேரி". போன்-தி-ஷே-ரி என்று நாலு அசை, அழுத்தம் "ரி"யில். இங்கிலீஷ்காரர் "சே"யில் அழுத்துவார்.

இன்னொரு வேடிக்கை. இந்த அழுத்தம் ஒரு சொல்லுக்கே சொந்தமில்லை. வணக்கம் சொல்ல "போன்ஜூர்" என்றால் "ஜூர்" நீளும். "போன்ஜூர் மதாம்" என்று அம்மையாரையும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னால், அழுத்தம் "ஜூர்"ஐ விட்டுவிட்டு "தாம்"மில் போய் உட்கார்ந்துகொள்ளும்!